ஜிகினாத் தாள் வேண்டாம் என்றால் வேறு எதில் கட்டுவது? கிறிஸ்துமஸ் பரிசுக்கான வழிகள், ஓர் ஒப்பீடு

டிசம்பர் பிறந்து வாசலில் ஸ்டார் ஏறியதும் தருமபுரி, கிருஷ்ணகிரி கடைத்தெருக்களில் பளபளப்பான கிஃப்ட் பேப்பர் சுருள் சுருளாக வந்து நிற்கும். இந்த வருஷம் அது வேண்டாம், வேறு எதில் கட்டுவது என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் கேட்கிறார்கள்: ஒரு வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் சின்னச் சின்னப் பரிசு கட்ட வேண்டும், கையில் காசு குறைவு. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள்: ஆபீஸில் யார் யாருக்குப் பரிசு கொடுப்பது என்று கிறிஸ்மா, கிறிஸ்சைல்டு சீட்டு எடுத்தாயிற்று, பரிசு பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும். எலத்தகிரி, கோவிலூர் மாதிரிப் பழைய கிறிஸ்தவ ஊர்க்காரர்கள் கேட்பது வேறு: பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போகிற கேக்கையும் முறுக்கையும் பிளாஸ்டிக் கவர் இல்லாமல் எப்படிக் கொடுப்பது?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "இது இயற்கைப் பொருள்தானா?" என்பதை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்போம். பருத்தி இயற்கைதான், மூங்கிலும் இயற்கைதான். ஆனால் ஒரு நாள் கூத்துக்காகப் புதிதாக வாங்கி மறுநாள் தூக்கிப் போட்டால் அதில் என்ன நன்மை? டிசம்பர் 26-ம் தேதி காலையில் அந்த உறை எங்கே இருக்கும் என்று கேளுங்கள். அலமாரியிலா, அடுப்படியிலா, எருக்குழியிலா, தெருமுனையில் எரிகிற குப்பையிலா? மற்ற கேள்விகள் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

26-ம் தேதிக் கேள்வி முதல் அளவுகோல். நம் பக்கத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பண்டிகை முடிந்த மறுநாள் பனியில் குளிர்காய்வதற்கு என்று தெருக்குப்பையைக் கூட்டிக் கொளுத்தும் பழக்கம் இன்னும் போகவில்லை. பிளாஸ்டிக் பூசிய தாள் அதில் எரிந்தால் வருவது நச்சுப் புகை. எரியாமல் கிடந்தால் மாடு மேயும்.

இரண்டாவது, முழுச் செலவு. தாளின் விலையோடு டேப், ரிப்பன், பஸ் செலவு, உட்கார்ந்து கட்டும் நேரம் எல்லாம் சேர்ந்தது அது.

மூன்றாவது, பயணம். தருமபுரியிலிருந்து ஓசூருக்குப் பஸ்ஸில் கூட்டத்தோடு போகிற பரிசும், அடுத்த தெருவுக்குக் கையில் போகிற பரிசும் ஒன்றல்ல. டிசம்பர் காலையில் பைக்கில் கொண்டுபோனால் பனி ஈரத்தில் தாள் நமுத்துவிடும்.

நான்காவது, உள்ளே இருப்பது என்ன என்பது. எண்ணெய்ப் பலகாரமா, புத்தகமா, வெள்ளைச் சட்டையா?

ஐந்தாவது, வாங்குகிறவர் யார் என்பது. குழந்தைக்குக் கிழித்துத் திறப்பதில்தான் பாதிச் சந்தோஷம். பெரியவர்களுக்கு உறையே மரியாதை. இதைச் சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். பரிசு என்பது அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

## இப்போது வாங்குகிற பளபளப்புத் தாள்

மாற்று வழிகளைப் பார்ப்பதற்கு முன்னால், எதை மாற்றுகிறோம் என்று தெரிய வேண்டும். கடையில் கிஃப்ட் பேப்பர் என்று கிடைப்பதில் மூன்று வகை உண்டு. ஒன்று, வெறும் தாளில் அச்சடித்தது. இரண்டாவது, தாளின் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டியது. மூன்றாவது, தாளே இல்லாமல் முழுக்க பிளாஸ்டிக் படலத்தில் உலோகப் பூச்சு ஏற்றியது. ஜிகினா என்று நாம் சொல்வது பெரும்பாலும் பின்னால் சொன்ன இரண்டும்தான். பழைய பேப்பர் கடைக்காரர் இவற்றை எடைக்கு எடுக்கமாட்டார், மறுசுழற்சிக்கும் உதவாது. ஜிகினாத் தூள் தூவிய தாள் இன்னும் மோசம். அந்தத் தூளும் பிளாஸ்டிக்தான், வீடு முழுக்க உதிர்ந்து கடைசியில் தண்ணீரோடு போகும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தாளின் ஒரு மூலையைக் கையில் கசக்கி விடுங்கள். கசங்கியபடியே இருந்தால் தாள். மெல்ல விரிந்து பழைய நிலைக்கு வந்தால் பிளாஸ்டிக். கடையிலேயே செய்து பார்க்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க வந்த தடையில் இனிப்புப் பெட்டியின் மேல் சுற்றும் பிளாஸ்டிக் படலம்கூடச் சேர்ந்திருக்கிறது. ஆனால் மாநிலத்தின் அந்த 14-இல் கிஃப்ட் பேப்பர் இல்லை. சட்டம் கேட்காத இடத்தில் நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, இது எப்போதாவது சரியான தேர்வாகுமா? ஏற்கெனவே பீரோவில் போன வருஷத்துச் சுருள் கிடந்தால் அதை முடித்துவிடுங்கள். வாங்கியதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகப் பசுமையானது வாங்குவதில் அர்த்தம் இல்லை. புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றால் கசக்கிப் பார்த்து வெறும் தாளாக வாங்குங்கள்.

## பிரவுன் பேப்பர்: ஞாயிறு பள்ளிக்கு இதுதான்

பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போடும் அதே தாள். ஜூன் மாதம் வாங்கியதில் மிச்சம் பல வீடுகளில் இருக்கும். இல்லாவிட்டாலும் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: மேலே வழுவழுப்பாக மினுங்குகிற பிரவுன் ஷீட்டும் விற்கிறது, அதில் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. இங்கும் கசக்கிப் பாருங்கள்.

பிரவுன் பேப்பரை அப்படியே கட்டினால் மளிகைப் பொட்டலம் மாதிரி இருக்கும் என்று பலரும் தயங்குகிறார்கள். அந்த வெறுமைதான் அதன் பலம். அதில் நாமே அச்சுக் குத்தலாம். வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஐந்து வரி உள்ள காய் என்றால் அது அழகான ஐந்து முனை நட்சத்திரம். கிறிஸ்துமஸுக்கு இதைவிடப் பொருத்தமான அச்சு வேறு வேண்டுமா? பெரிய நட்சத்திரம் வேண்டுமானால் உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, அந்த முகத்தில் செதுக்கிக்கொள்ளலாம்.

வண்ணத்துக்கு வாட்டர் கலர் போதும். வெள்ளை வேண்டுமென்றால் சுண்ணாம்பைக் கெட்டியாகக் கரைத்துக் குத்துங்கள், பிரவுன் மேல் கோலம் போட்டது போல எடுப்பாக நிற்கும். சிவப்புக்கு ஆரத்தி கரைப்பது போல மஞ்சளில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் போதும். அந்தச் சிவப்பு நாள் பட மங்கும். அதனால் 23, 24-ம் தேதி வாக்கில் குத்தினால் நல்லது. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, கையையும் அரிக்கும். அதைக் கரைப்பதும் தொடுவதும் பெரியவர்கள் வேலை. பிள்ளைகளுக்கு வாட்டர் கலரே கொடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு நேரம்தான். அச்சுக் குத்தி, காயவைத்து, பிறகு கட்ட வேண்டும். பனிக்காலத்தில் காய நேரம் பிடிக்கும், வெயில் ஏறியபின் உட்கார்ந்தால் நல்லது. ஆனால் அந்த நேரத்தையே ஒரு ஞாயிறு வகுப்பாக மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளே தாளில் அச்சுக் குத்த, ஆசிரியர்கள் அதில் பரிசு கட்ட, யார் குத்திய தாள் யாருக்கு வருகிறது என்று அவர்கள் தேடுவதைப் பார்க்க வேண்டும். கிழித்துத் திறக்கும் சந்தோஷமும் இதில் முழுசாக உண்டு. கிழிந்த தாள் பழைய பேப்பரோடு எடைக்குப் போகும், இல்லை எருக்குழிக்குப் போகும்.

மழை, பனி இரண்டும் இதற்கு எதிரி. தூரப் பயணத்துக்கு மேலே ஒரு துணிப்பை அவசியம்.

## செய்தித்தாளும் காலண்டரும்: செலவே இல்லாத வழி

டிசம்பர் என்பது காலண்டர் மாறும் மாதம். கடைகளில் இனாமாகக் கொடுத்த மாதக் காலண்டரின் பெரிய தாள்கள் பதினொன்று கையில் இருக்கும். கனமான தாள், பின்பக்கம் வெறும் வெள்ளை. புத்தகம், டிபன் பாக்ஸ், சட்டைப் பெட்டி எல்லாவற்றுக்கும் பொருந்தும். வெள்ளைப் பக்கம் வெளியே தெரியக் கட்டி, சிவப்பு நூல் சுற்றி, ஒரு ராகிக் கதிரைச் செருகினால் கடைச் சரக்கு தோற்றுவிடும். மினுமினுப்பு அதிகமாக இருந்தால் இங்கும் கசக்கிப் பார்க்கலாம். பிளாஸ்டிக் பூச்சு இருந்தாலும் கவலை இல்லை, வீட்டில் இருப்பதை இன்னொரு தடவை பயன்படுத்துகிறோம், அவ்வளவுதான்.

செய்தித்தாளில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, மை. வெள்ளைச் சட்டை, சேலை மாதிரியானவற்றில் கறை ஏறும், உள்ளே ஒரு வெள்ளைத் தாள் சுற்றிவிடுங்கள். இரண்டாவது, சாப்பாட்டுப் பொருளை நேராகச் செய்தித்தாளில் வைக்கவே கூடாது. அச்சு மையில் உள்ள ரசாயனம் எண்ணெயோடு உணவில் இறங்கும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. வடையைச் செய்தித்தாளில் வாங்கித் தின்று பழகியதால் நமக்கு இது உறைப்பதில்லை. மூன்றாவது, பக்கத்தை இரண்டு புறமும் படித்துவிட்டுக் கட்டுங்கள். நல்ல நாளில் கொடுக்கிற பரிசின் மேல் கண்ணீர் அஞ்சலி விளம்பரமோ விபத்துப் படமோ வந்துவிட்டால் வாங்குகிறவர் மனசு சங்கடப்படும். சிறுவர் பக்கம், படக்கதை, குறுக்கெழுத்து இவை பாதுகாப்பானவை. பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்குப் படக்கதைப் பக்கம் மிகப் பொருத்தம்.

மாமியார் வீடு, மேலதிகாரி, புதிதாகச் சம்பந்தம் பேசும் இடம், இங்கெல்லாம் செய்தித்தாள் வேண்டாம். நம் நல்லெண்ணம் அவர்களுக்குப் புரியாமல் போக வாய்ப்பு உண்டு.

## துணி: பெரியவர்களுக்கான பரிசில் இதற்கு ஈடு இல்லை

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. அதனாலேயே இதில் உள்ள சிக்கலையும் விரிவாகச் சொல்கிறேன்.

ஜப்பானியர்கள் ஒரு சதுரத் துணியில் எதையும் கட்டிக் கொடுப்பார்கள், ஃபுரோஷிகி என்று பெயர். 2006-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யூரிகோ கொய்கே, பிளாஸ்டிக் பைகளுக்கு மாற்றாக அந்தப் பழக்கத்தை மறுபடி பரப்ப முயன்றார். நமக்கும் இது புதிதல்ல. துண்டில் மூட்டை கட்டிச் சந்தைக்குப் போனவர்கள் நம் தாத்தா பாட்டிகள்.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. துணியின் மூலைக்கு மூலை நீளம், பொருளின் நீளமான பக்கத்தைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். எட்டரை அங்குல நீளமுள்ள சாதாரணப் புத்தகத்துக்கு 18 அங்குலச் சதுரம் போதும். 36 அங்குல அகலத் துணியில் ஒரு மீட்டர் வாங்கினால் அப்படி நான்கு சதுரம் வெட்டலாம். புத்தகத்தைத் துணியின் நடுவில் குறுக்காக வைத்து, எதிரெதிர் மூலைகளில் ஒரு ஜோடியை மடித்துப் போர்த்தி, மற்ற ஜோடியை மேலே கொண்டுவந்து இரட்டை முடிச்சுப் போட்டால் முடிந்தது. டேப் வேண்டாம், கத்தரிக்கோல் வேண்டாம். முடிச்சே பூ மாதிரி நிற்கும், அதையே பிடித்துத் தூக்கிக்கொண்டும் போகலாம்.

துணியை எங்கே பிடிப்பது? மலிவான துணிக்குப் பெயர் போன பர்கூர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த ஜவுளிக் கடைகளில் கட் பீஸ் வாங்கினால் விலை கட்டுப்படியாகும். ஆனால் அங்கே கிளம்புவதற்கு முன்னால் உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள். வளைகாப்பு, கிரகப்பிரவேசம், கொலு, கல்யாணம் என்று தாம்பூலத்தோடு வந்து தைக்காமல் கிடக்கும் ஜாக்கெட் பிட் எத்தனை? பெரும்பாலும் அவை 80 சென்டிமீட்டர் நீளம், அகலமும் கிட்டத்தட்ட அதே அளவு. பரிசு கட்டுவதற்கென்றே வெட்டிய மாதிரி சதுரத் துணி! பதினான்கு, பதினைந்து அங்குலப் பொருள்வரை அதில் கட்டலாம். வாங்குகிறவர் அதைத் தைத்துப் போட்டுக்கொள்ளலாம், இல்லை அடுத்த பரிசைக் கட்டிக் கொடுக்கலாம். புதுத் துணி என்பதால் மரியாதைக் குறைவும் இல்லை.

இந்தக் கடைசி விஷயம் முக்கியம். பழைய சேலையை வெட்டிப் பரிசு சுற்றச் சொல்லும் யோசனையைப் பல இடங்களில் பார்க்கலாம். நம் ஊரில் கட்டிக் கழித்த துணியில் பரிசு கொடுத்தால் பலர் முகம் சுளிப்பார்கள், சிலர் அதை ஆகாது என்றே நினைப்பார்கள். வீட்டுக்குள்ளே என்றால் அது வேறு. அம்மாவின் பழைய சேலையில் கட்டிய பரிசை அக்கா தங்கைக்குக் கொடுத்தால் அவர்கள் துணியைத்தான் முதலில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். வெளியாருக்குப் பழைய சேலையின் ஜரிகைக் கரையை மட்டும் நறுக்கி ரிப்பனாகக் கட்டுங்கள். பட்டுக் கரைக்கு முன்னால் எந்தச் சாட்டின் ரிப்பனும் நிற்காது. பாத்திரம், தேயிலை, சோப்பு மாதிரிப் பரிசுகளுக்குப் புதுத் துண்டே உறையாகலாம். துண்டும் பரிசு, உள்ளே இருப்பதும் பரிசு.

இனி மறைந்திருக்கும் செலவு. புதுப் பருத்தித் துணியை இதற்கென்றே வாங்கினால் அது தானாகப் பசுமை ஆகிவிடாது. பருத்தி விளைய, நூற்க, சாயம் ஏற்ற ஏராளமான தண்ணீரும் மின்சாரமும் போகின்றன. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பையால் புவி வெப்பமடைதல் குறைய வேண்டுமானால் அதை 131 முறையாவது பயன்படுத்த வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அது பைக்கான கணக்கு. பிளாஸ்டிக் மாட்டின் வயிற்றுக்குள் போவதையோ சாக்கடையை அடைப்பதையோ அதில் சேர்க்கவில்லை. இருந்தாலும் சொல்லும் விஷயம் நமக்கும் பொருந்தும்: துணி திரும்பத் திரும்பப் புழங்கினால்தான் அது நல்ல தேர்வு. அதனால்தான் ஜாக்கெட் பிட்டும் துண்டும் முதலில், பர்கூர் அப்புறம்.

இன்னொன்று, மலிவான பிட்களில் பல பாலியஸ்டர். வழுக்கும், முடிச்சு நழுவும். அவற்றை நூலால் ஒரு சுற்றுச் சுற்றியபின் முடிச்சைப் போடுங்கள்.

பயணத்துக்குத் துணி மிக நல்லது. நசுங்கினாலும் கிழியாது, பனி பட்டாலும் காய்ந்துவிடும். கூட்டப் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

## மஞ்சப்பையும் தாம்பூலப் பையும்

2021 டிசம்பர் 23 அன்று தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் வந்த அந்த யோசனையைக் கிறிஸ்துமஸ் பரிசுக்கே பயன்படுத்தலாம். கட்டத் தெரியாதவர்கள், கோணல்மாணலான பொருள் வாங்கியவர்கள், பந்து, பொம்மை, பேட் வாங்கியவர்கள் எல்லாருக்கும் பைதான் சுலபம்.

புதிதாக வாங்க வேண்டாம். கல்யாண வீடுகளிலிருந்து வந்த தாம்பூலப் பைகள் வீட்டில் இருக்கும். மணமக்கள் பெயர் அச்சடித்திருக்கிறதே என்றால் உட்புறத்தை வெளியே திருப்பிக்கொள்ளுங்கள், இல்லை பெயர் இருக்கும் இடத்தில் தையல்கடையிலிருந்து வாங்கிய வெட்டுத்துண்டை நட்சத்திரமாக வெட்டித் தைத்துவிடுங்கள். வாயைச் சணல் நூலால் கட்டினால் பரிசு தயார்.

பார்க்கத் துணி போலவே இருந்து ஏமாற்றும் பை ஒன்று இருக்கிறது. நான்-ஓவன் என்று சொல்லும் அந்தப் பை முழுக்க பிளாஸ்டிக் இழை. மாநிலத் தடைப் பட்டியலில் அதுவும் உண்டு. வெளிச்சத்தில் பிடித்தால் நெசவு இழை தெரியாது, புள்ளி புள்ளியாக அழுத்திய தடம் தெரியும். கொஞ்சநாள் கிடந்தால் பொடிப்பொடியாக உதிரும்.

## இலை, மட்டை: பலகாரத்துக்கு மட்டும்

கேக், ராகி உருண்டை, அதிரசம், முறுக்கு போன்றவற்றுக்கு மட்டுமே இது. மற்ற பரிசுகளுக்கு இலையைக் கட்டாயப்படுத்தினால் பார்க்க அழகாக இருக்கும், மறுநாள் சுருண்டுவிடும்.

வாழை இலையைத் தணலில் லேசாக வாட்டினால் மடித்தாலும் கிழியாது. அன்றன்றைக்குக் கொடுக்கிற பலகாரத்துக்கு ஏற்றது. 24-ம் தேதி ராத்திரி கட்டி 25 காலையில் கொடுத்துவிட வேண்டும், அதற்குமேல் தாங்காது. காய்ந்த மந்தாரை இலையைக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து வைத்தால் வளைந்து கொடுக்கும், தைத்த இலையாகவும் கிடைக்கிறது. மொறுமொறுப்பான முறுக்கை ஈர இலையில் வைத்தால் நமுத்துப் போகும், இலையை நன்றாகத் துடைத்துவிடுங்கள்.

பாக்கு மட்டைத் தட்டு இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாக எதிரெதிரே கவிழ்த்து, குறுக்கும் நெடுக்குமாக வாழைநாரில் கட்டினால் அருமையான பெட்டி. உள்ளே பிளம் கேக் துண்டுகளை வரிசையாக அடுக்கலாம். 26-ம் தேதி தட்டும் நாரும் எருக்குழிக்குப் போகும், நாய் பூனை இழுத்தாலும் கேடில்லை. பனிக்காலத்தில் தட்டில் பூஞ்சை பிடிக்கும் என்பதை மறக்காதீர்கள். வாங்கிய கையோடு ஒருநாள் வெயில் காட்டி, உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள்.

பைக் பயணத்துக்கு இலைப்பொதி உதவாது. மட்டைப் பெட்டி தாங்கும்.

## மூங்கில் கூடையும் எவர்சில்வர் டப்பாவும்

குடும்பத்துக்கே ஒரு பரிசு என்றால் கூடை. சந்தையில் கூடை முடைந்து விற்பவர்களிடம் நேராக வாங்கினால் காசு அவர்கள் கைக்கே போகும். இருக்கிற வழிகளில் செலவு அதிகமானது இதுதான், ஆனால் உறை என்று நினைக்காமல் பரிசில் பாதி என்று நினைத்தால் கணக்குச் சரியாகும். பின்னால் வெங்காயமோ காய்கறியோ போட்டு வைப்பார்கள். சிம்பு நீட்டிக்கொண்டிருந்தால் தேய்த்துவிடுங்கள். வெயிலில் ஓரிரு நாள் காயவைத்தால் வண்டு துளைத்து மாவு கொட்டும் தொல்லை குறையும். மேலே பிளாஸ்டிக் படலம் சுற்றிக் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், ஒரு துண்டைப் போர்த்தினால் போதும்.

எவர்சில்வர் டப்பா பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் கசியாது, நசுங்காது, வருஷக்கணக்கில் இருக்கும். நெருங்கிய உறவுக்கும் தூரப் பயணத்துக்கும் அது போதும்.

## ஒரே பார்வையில்

| வழி | 26-ம் தேதிக்கு அப்புறம் | செலவும் நேரமும் | பயணம் | எதற்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| ஜிகினாத் தாள் | குப்பை, புகை | காசு உண்டு, நேரம் குறைவு | பனி தாங்கும், எளிதில் கிழியும் | வீட்டில் மிச்சம் இருந்தால் மட்டும் |
| பிரவுன் பேப்பர் | எடைக்கடை, எருக்குழி | காசு குறைவு, நேரம் அதிகம் | ஈரம் ஆகாது | பிள்ளைகள், மொத்தமாகக் கட்டுவது |
| செய்தித்தாள், காலண்டர் | எடைக்கடை | செலவில்லை | ஈரம் ஆகாது | வீட்டுக்குள், நண்பர்கள் |
| துணி, ஜாக்கெட் பிட், துண்டு | திரும்பப் பயன்படும் | வீட்டில் இருந்தால் செலவில்லை | மிக நல்லது | பெரியவர்கள், புத்தகம், ஆபீஸ் |
| துணிப்பை | திரும்பப் பயன்படும் | செலவில்லை, நேரமும் இல்லை | மிக நல்லது | கோணலான பொருள் |
| இலை, பாக்கு மட்டை | எருக்குழி | காசு குறைவு, கடைசி நேர வேலை | மட்டை மட்டும் தாங்கும் | பலகாரம், கேக் |
| கூடை, டப்பா | வருஷக்கணக்கில் இருக்கும் | காசு அதிகம் | கூடைக்கு இடம் வேண்டும் | குடும்பத்துக்கு |

## கயிறு, பசை, மேலே வைக்கும் பூ

தாள் நல்லதாக இருந்தும் டேப்பிலும் ரிப்பனிலும் கெட்டுப்போகும் பரிசுகள்தான் அதிகம். சாதாரண செலோ டேப் இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். பிரவுன் பேப்பரில் அதை நீளமாக ஒட்டினால் அந்தத் தாள் எருவுக்கும் ஆகாது. ஒரு ஸ்பூன் மைதாவை நாலைந்து ஸ்பூன் தண்ணீரில் கரைத்துச் சிறு தீயில் கிளறினால் பசை தயார். அவசரத்துக்கு ஒரு கைப்பிடிச் சோறு போதும்.

கட்டுவதற்குச் சணல் நூல், தேங்காய் நார்க் கயிறு, வாழைநார். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துக் கட்ட வேண்டும், காய்ந்தபின் இறுகிக்கொள்ளும். மின்னும் சுருள் ரிப்பன் பிளாஸ்டிக், அது வேண்டாம்.

மேலே வைக்க நம் மாவட்டங்களில் இருப்பதுபோல் எங்கே கிடைக்கும்? கார்த்திகை, மார்கழியில் ராகி அறுவடை நடக்கும். விரல் மடக்கிய கை போன்ற அந்தக் கதிர் ஒன்றைச் சணல் நூலில் செருகிப் பாருங்கள். ஓசூர்ப் பக்கம் பூ விளையும் ஊர், கோழிக்கொண்டையும் செண்டுமல்லியும் நிழலில் காயவைத்தால் நிறம் ஓரளவு நிற்கும். செண்டுமல்லியை ஈரமாக வைத்தால் துணியில் மஞ்சள் கறை இறங்கும், நன்றாகக் காய்ந்ததையே வையுங்கள். சவுக்குக் காய் சின்ன கிறிஸ்துமஸ் மணி மாதிரி இருக்கும். சவுக்குக் கிளையைத்தானே பல வீடுகளில் கிறிஸ்துமஸ் மரமாக நடுகிறோம், அதிலிருந்தே உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம். சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும், ஆனால் கடும் விஷம். கைக்குழந்தைகள் வாயில் போட்டுக் கடித்தால் உயிருக்கே ஆபத்து.

பெயர்ச்சீட்டுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டையும் போன வருஷத்து வாழ்த்து அட்டையும் போதும். ஆன்லைனில் வந்த அட்டைப்பெட்டியைப் பயன்படுத்தினால் அதில் ஒட்டியிருக்கும் உங்கள் முகவரி, போன் நம்பர் சீட்டைக் கிழித்துவிடுங்கள்.

## யாருக்கு எது

மொத்தமாகப் பிள்ளைகளுக்கு என்றால் யோசிக்க வேண்டாம், பிரவுன் பேப்பரும் வெண்டைக்காய் நட்சத்திரமும். துணியில் கட்டிய பரிசைச் சின்னப் பிள்ளைகள் ரசிப்பது குறைவு, அவர்களுக்குக் கிழிக்க வேண்டும்.

ஆபீஸ் கிறிஸ்சைல்டுக்குத் துணி. பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் ஜிகினாத் தாள்களுக்கு நடுவே அழகான முடிச்சோடு ஒரு பொதி இருந்தால் எல்லாரும் எப்படிக் கட்டினீர்கள் என்று கேட்பார்கள். அடுத்த வருஷம் அந்த ஆபீஸில் துணிப்பொதிகள் கூடும்.

பக்கத்து வீடுகளுக்குப் பலகாரம் என்றால் பாக்கு மட்டைப் பெட்டி. தட்டு திரும்பி வரும் பழக்கம் உள்ள தெருவாக இருந்தால் எவர்சில்வர் தட்டில் துணி மூடிக் கொடுத்துவிடுங்கள். காலி தட்டாகத் திரும்பாது, பொங்கலுக்கு அவர்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலோடு வரும்.

வெளியூர் உறவுக்குத் துணி அல்லது டப்பா. புது இடத்துக்கு, பெரிய மனிதர்களுக்கு, பரிசின் தோற்றத்தை வைத்து எடை போடுகிறவர்களுக்குப் புதுத் துண்டு அல்லது கூடை. நேரமே இல்லை, 24-ம் தேதி சாயங்காலம் பூசைக்குக் கிளம்பும் நேரத்தில்தான் ஞாபகம் வந்தது என்றால் தாம்பூலப் பை.

கட்டிக் கொடுத்த துணியைத் திருப்பிக் கேட்கலாமா என்று ஒரு சந்தேகம் பலருக்கு வருகிறது. வெளியாரிடம் கேட்காதீர்கள். "துணியும் உங்களுக்குத்தான், அடுத்து யாருக்காவது இதிலேயே கட்டிக் கொடுங்கள்" என்று பெயர்ச்சீட்டின் பின்னால் ஒரு வரி எழுதிவிடுங்கள். சொல்லாவிட்டால் சிலர் அதையும் கிஃப்ட் பேப்பர் என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள். வீட்டுக்குள்ளே என்றால் தாராளமாகக் கேட்கலாம். அக்கா, தம்பி, சித்தப்பா வீடு என்று நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, பரிசு பிரித்தவுடன் துணியெல்லாம் பாட்டி கையில் கொடுத்துவிட வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளலாம். துவைத்து மடித்து ஒரே பையில் போட்டு வைத்தால், அடுத்த டிசம்பரில் பரிசு கட்ட எதுவுமே வாங்க வேண்டியிருக்காது.